கதவுப் பிடியும் பூந்திக்கொட்டையும்

வியாழக்கிழமைகளில் பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் மத பேதமில்லை. பஸ் கம்பியையும் சில்லறைக் காசையும் தொட்ட கை, வீடு திரும்பியதும் தாழ்ப்பாளையும் ஸ்விட்சையும் ஃபிரிட்ஜ் கதவையும் தொடுகிறது. தினமும் தரை துடைக்கும் வீடுகளில்கூட இந்த இடங்கள் துணியைக் காண்பது தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோதான்.

2020இல் கொரோனா இந்த அலட்சியத்தைக் கலைத்தது. வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள், வினிகர் என்று சமையலறையே மருந்துக்கடையானது. இவற்றில் எது வேலை செய்யும்?

அழுக்கை நீக்குவது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. முதல் வேலைக்குப் பூந்திக்கொட்டை போதும். கன்னடக் கடைக்காரரிடம் 'அண்டுவாளகாயி' என்று கேட்க வேண்டும். அதிலுள்ள சபோனின், சோப்பைப் போலவே நுரைத்துப் பிசுக்கை இழுத்து வரும். பத்துப் பன்னிரண்டு கொட்டைகளை விதை நீக்கி இரவு முழுதும் ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் திரவம் தயார். சீக்கிரம் கெட்டுவிடும், சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் செய்யும் 'பயோ என்சைமு'க்குக் கணக்கு: வெல்லம் 1, தோல் 3, தண்ணீர் 10. மூன்று மாதம் பொறுக்க வேண்டும். கண்ணாடி பாட்டில் கூடாது. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றாவிட்டால் வெடிக்கலாம். பித்தளைத் தாழ்ப்பாளுக்குப் புளியே உத்தமம். மார்பிளில் மட்டும் புளிப்பு எதுவும் படக்கூடாது, அரித்துவிடும்.

ஆனால் இவற்றில் எதையும் கிருமிநாசினியாக நம்ப முடியாது. வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் ப்ளீச் கரைசலைத்தான் நாட வேண்டும். அதோடு வினிகரையோ எலுமிச்சையையோ கலந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். ஸ்விட்சின் மேல் எதையும் தெளிக்கக்கூடாது; மெயினை அணைத்துவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பதே பத்திரம்.

மற்ற நாட்களில் அத்தனை பயம் தேவையில்லை. பொருள்களைத் தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு, பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. சோப்புத் தண்ணீரும் கை கழுவும் பழக்கமும் போதும்.

அப்படியானால் பூந்திக்கொட்டைக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? விடை சாக்கடையின் மறுமுனையில் இருக்கிறது. விவேக் நகரின் கழிவுநீர் கோரமங்கலா பள்ளத்தாக்கு வழியே பெல்லந்தூர் ஏரியை நோக்கிச் செல்கிறது. நகரின் சாக்கடையும் சோப்புத்தூளும் சேர்ந்து அந்த ஏரியில் மலை மலையாக நுரை கட்டியது. 2015 மே மாதத்தில் அந்த நுரையே தீப்பற்றி எரிந்தது.

இன்னொரு காரணம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் துணியைப் பிழிவது வீட்டுக்காரரின் கை அல்ல. நாலு வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் கை, நாலு வீட்டு ஆசிடிலும் பினாயிலிலும் நனைகிறது. பூந்திக்கொட்டைத் தண்ணீரோடு ஒரு ஜோடி ரப்பர் கையுறையையும் வாங்கி வைப்பதுதான் முழுமையான சுத்தம்.