எண் 068

டெட்ராய்ட் நகரின் நடுவில் புறப்பட்டு வடமேற்கே பான்டியாக் ஊர் வரை போகும் வுட்வர்ட் அவென்யூவில், ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அறுபதுகளில் இளைஞர்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட சாலை அது. 1995இல் தொடங்கிய பழைய கார்களின் ஊர்வலம் இன்று பெரிய திருவிழா. பந்தய கேம் போட்ட வி8 எஞ்சின், கார் நிற்கும்போது சீராக ஓடாது. தடுமாறித் தடுமாறி உறுமும், பானட்டே குலுங்கும். கேட்டவர்கள் நேரே வீட்டுக்குப் போய், அதே சத்தம் தருகிற கேம்ஷாஃப்ட்டைத் தேட ஆரம்பிக்கிறார்கள். எனக்கும் அந்த உறுமல் உயிர். ஆனாலும் காதை நம்பிக் கேம் வாங்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

என் கார் 1968 பான்டியாக் ஜிடிஓ. உடலின் நிறத்திலேயே வந்த எண்டூரா முன்பம்பரோடு அந்த ஆண்டு 'மோட்டார் டிரெண்ட்' இதழின் சிறந்த கார் விருதை வாங்கிய மாடல். உள்ளே 400 கன அங்குல எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எஞ்சினைப் பிரித்துப் பட்டறையில் கொடுத்தபோது, பல பான்டியாக் எஞ்சின்களைக் கண்ட அந்தப் பெரியவர் குதிரைத்திறன் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பின் அச்சுக் கியர் என்ன? கன்வெர்ட்டர் பழையதுதானா? பிரேக்குக்கு பூஸ்டர் உண்டா? ஏசி ஓட வேண்டுமா? எங்கே ஓட்டுவீர்கள்?" என்றுதான் கேட்டார். கேம் தேர்வு என்பது அநேகமாக இந்தக் கேள்விகளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

கேம்ஷாஃப்ட் கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதி வேகத்தில் சுற்றும். அதன் மேடுகள் வால்வை எவ்வளவு உயரம் தூக்குகின்றன, எத்தனை டிகிரி திறந்து வைத்திருக்கின்றன என்பதில்தான் எஞ்சினின் குணம் இருக்கிறது. வயலுக்கு மடை திறப்பது போலத்தான்: பலகையை எவ்வளவு தூக்குவது, எப்போது இறக்குவது. வேகமாகச் சுற்றும் எஞ்சினில் உள்ளே பாயும் காற்றுக்கு உந்தம் உண்டு. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் அது தொடர்ந்து நுழையும். அதனால் வால்வைத் தாமதமாக மூடினால் லாபம். மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்தம் இல்லை, அதே தாமதம் உறிஞ்சிய கலவையை வெளியே தள்ளிவிடும். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடினால், நிற்கும்போது எரிந்த புகையே உள்ளே திரும்பி வந்து புதுக் கலவையைக் கெடுக்கும். சில வெடிப்புகள் தவறும். வுட்வர்டில் நாம் மயங்குகிற உறுமல் அந்தத் தவறிய வெடிப்புகள்தான்.

பான்டியாக் கார் பிரியர்களுக்கு இந்தப் பேச்சு எளிது, எண்களாகவே பேசுவார்கள். கேமின் பாக எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள்: 067, 068, 744, 041. இந்த வரிசையில் போகப் போகக் குணம் கடுமையாகும். உள்ளிழுக்கும் வால்வு 067இல் 273 டிகிரி, 068இல் 288, 744இல் 301, ராம் ஏர் 4 எஞ்சினுக்குப் போன 041இல் 308 டிகிரி திறந்திருக்கும். பெருமைக்காக 041 வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது அருமையான கேம், ஆனால் அதற்கேற்ற சிலிண்டர் ஹெட்டும் குட்டைக் கியரும் வேண்டும்.

என் காரின் பின் அச்சு 3.23. மணிக்கு 60 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2500 சுற்றில் ஓடும். சாதாரண 400 எஞ்சினுக்குத் தொழிற்சாலை சொன்ன 350 குதிரைத்திறன் வருவது 5000 சுற்றில். அந்தக் காலத்துக் கணக்கு, காற்று வடிகட்டியும் முழு சைலன்சரும் இல்லாமல் மேஜை மேல் வைத்து அளந்தது. அதைவிட எனக்கு முக்கியம் அவர்கள் சொன்ன இன்னொரு எண்: 3000 சுற்றில் 445 பவுண்டு-அடி முறுக்குவிசை. சுமார் 1600 கிலோ காரை சிக்னலிலிருந்து கிளப்புவது அதுதான். பெரிய கேம் போட்டால் இந்தக் கீழ்ப்பகுதிப் பலத்தைக் கொடுத்துத்தான் 5500இல் கொஞ்சம் வாங்குகிறோம். நான் அந்த 5500ஐ எந்தச் சாலையில் பார்ப்பேன்?

பிறகு வேக்குவம். பிரேக் பூஸ்டர் எஞ்சினின் உறிஞ்சலில் வேலை செய்கிறது. நிற்கும்போது 15, 16 பாதரச அங்குலமாவது வேண்டும். உறுமும் கேமில் அது பத்துக்கு இறங்கினால் பிரேக் மிதி கல்லாகிவிடும். இதில் ரசனைக்கு இடமே கிடையாது.

பெட்ரோலும் இதில் பேசுகிறது. அந்த எஞ்சின் 10.75 கம்ப்ரஷனோடு, ஈயம் கலந்த பிரீமியம் பெட்ரோலுக்காகப் பிறந்தது. 1996 முதல் அமெரிக்கச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் சட்டப்படியே கிடையாது. பம்பில் கிடைக்கும் 93 ஆக்டேனில் நாக்கிங் பயம் இருந்ததால், குழிந்த பிஸ்டன் போட்டுக் கம்ப்ரஷனை 9.5 ஆக்கினோம். கம்ப்ரஷன் இறங்கிய எஞ்சினில் பெரிய கேம் போட்டால் குறைந்த சுற்றில் அது இன்னும் சோம்பலாகும். எஞ்சினில் இருந்தது 067. நான் 068க்குப் போனேன், அதற்கு மேல் போகவில்லை. அதே அளவில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். டயல் கேஜும் டிகிரித் தட்டும் வைத்து, மேடு சொன்ன இடத்தில் நிற்கிறதா என்று பெரியவர் அளந்து பார்த்துப் பூட்டினார். நைலான் பற்கள் வைத்த பழைய டைமிங் சக்கரத்தைத் தூர எறிந்தோம். அந்தப் பற்கள் உடைந்தால் நேரே ஆயில் பம்ப்பின் வாயில் போய் அடைக்கும்.

பணம் தாராளமாக இருந்தால், கேம் மேட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டரில் ரோலர் வகையைப் போடுவதே நிம்மதி. 1968இல் இருந்த மாதிரியே இருக்கட்டும் என்று நான் பழைய தட்டை லிஃப்டரில் நின்றேன். அதன் அடிப்பகுதி லேசாகக் குவிந்தது, கேம் மேடு லேசாகச் சாய்ந்தது. இரண்டும் சேர்ந்து லிஃப்டரைச் சுழல வைக்கும். சுழலாவிட்டால் மேடு தேய்ந்து போகும். இப்போதைய கார் ஆயில்களில் புகைக்குழாயின் வினையூக்கி மாற்றியைக் காப்பதற்காகத் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். அதனால் அது நிறைய உள்ள ஆயிலை ஊற்றி, மேடுகளில் மாலிப்டினம் பசை தடவி, எஞ்சின் பற்றியதும் ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 சுற்றுக்குள் அரை மணி நேரம் ஓடவிட்டோம். பிறகு ஆயிலை இறக்கி, ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்பு மடிப்பாக விரித்துக் காந்தத்தால் தடவிப் பார்த்தோம். இரும்புத் தூள் எதுவும் ஒட்டவில்லை. வேக்குவம் 17இல் நிற்கிறது. 500 மைல் ஓடியதும் இன்னொரு ஃபில்டரை இதே மாதிரி வெட்டிப் பார்க்க வேண்டும்.