அந்த வளையம் பாக்டீரியாவோடது இல்ல

ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, மணி 2. லேப்டாப்பில் வட்டம் வட்டமாக வளையங்கள். ஈ.கோலை பாக்டீரியா பெட்ரி தட்டில் அலையலையாகப் பரவுவது போலவே இருந்தது. ரூம்மேட்டை எழுப்பிக் காட்டினேன். "செம்மடா, அப்படியே பிபிடில போட்ரு"ன்னு சொல்லிட்டு திரும்பப் படுத்துட்டான். போட்டுட்டேன். நீங்களா இருந்தாலும் போட்டிருப்பீங்க.

விஷயம் இதுதான். 1966-இல் ஜூலியஸ் ஆட்லர் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயின் முனையில் ஈ.கோலையை விட்டுப் பார்த்தார். அவை தாறுமாறாகக் கலையவில்லை. பட்டையாகத் திரண்டு நகர்ந்தன. இருக்கும் இடத்து உணவை பாக்டீரியாவே தின்று தீர்க்கிறது. பின்னால் உணவு குறைவு, முன்னால் அதிகம். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் கூட்டம் முன்னேறுகிறது. 1971-இல் கெல்லரும் சீகலும் இதைச் சமன்பாடுகளாக்கினார்கள்: ஒன்று பாக்டீரியாவின் அடர்த்திக்கு, இன்னொன்று உணவுக்கு. அதை கம்ப்யூட்டரில் தீர்ப்பதுதான் என் ப்ராஜெக்ட்.

படுக்கும்போது ஏதோ உறுத்தியது. எழுந்து வளையங்களின் இடைவெளியை அளந்தேன். எல்லாமே சரியாக இரண்டு கிரிட் கட்டம். கட்டத்தின் அளவைப் பாதியாக்கி ஓட்டினேன். இடைவெளியும் பாதியாச்சு! வயிற்றைக் கலக்கிடுச்சு. தட்டில் இருக்கும் பாக்டீரியாவுக்கு என் கிரிட் எப்படித் தெரியும்?

உணவை நோக்கி நகரும் பகுதிக்கு சென்ட்ரல் டிஃபரன்ஸ் போட்டிருந்தேன். அடர்த்தி திடீரென ஏறும் இடத்தில் அது மேலும் கீழும் ஆடும். மைனஸில் போன அடர்த்தியை எல்லாம் நானே பூஜ்யமாக்கி மறைத்திருக்கிறேன். அப்விண்ட் முறைக்கு மாற்றினேன். ஒரே ஒரு பட்டை மிஞ்சியது. கிரிட்டை மாற்றியும் அது போகவில்லை.

காலையில், "இவ்வளவுதானா?" என்றார் கைடு. வளையப் படத்தையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்று சொன்னார்: ஈ.கோலை அழகான வடிவங்கள் போடும் என்பது உண்மைதான். 1991-இல் புட்ரீனும் பெர்க்கும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே பாக்டீரியாவே தன் கூட்டத்தை இழுக்கும் ரசாயனத்தைச் சுரக்கிறது. என் சமன்பாட்டில் அந்த உறுப்பே கிடையாது. வளையம் எங்கிருந்து வரும்?

மார்க் சுமார்தான். ஆனாலும் ராத்திரி நல்லா தூங்கினேன்.

உங்க சிமுலேஷனில் அழகா ஏதாவது வந்தா, பிபிடில போடறதுக்கு முன்னாடி கிரிட்டைப் பாதியாக்கி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அப்புறம் ரூம்மேட்டை எழுப்பலாம்.