யூரியா மூட்டைக்குள் 220 யூனிட்

சம்பா நட்டு இருபது நாள். மேலுரம் வாங்கச் சங்கத்துக்குப் போன பெரியவர், மூன்றாவது நாளும் வெறுங்கையோடு திரும்பினார். வேதியியல் படிக்கும் மகளிடம், "தண்ணியில இருந்து உரம் செய்யலாம்னு பேப்பர்ல போட்டிருக்கான். நிஜமாம்மா?" என்றார்.

"நிஜம்தாம்பா. 1961லேயே செஞ்சாங்க."

அவள் சொன்னது பஞ்சாப் மாநிலம் நங்கல் உரத் தொழிற்சாலையை. பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வந்த ஹைட்ரஜனைக் காற்றின் நைட்ரஜனோடு சேர்த்து அமோனியா ஆக்கினார்கள். பிற்பாடு அந்த ஆலையும் எரிஎண்ணெய்க்கும், பிறகு இயற்கை எரிவாயுவுக்கும் மாறிவிட்டது.

"ஏன் விட்டாங்க?"

காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டாள். 45 கிலோ யூரியாவில் தழைச்சத்து 20.7 கிலோ. அதற்கு அமோனியா 25 கிலோ. அதிலுள்ள ஹைட்ரஜன் சுமார் நாலரை கிலோ. தண்ணீர் 40 லிட்டர் போதும், கறவை மாடு ஒரு நாளில் குடிக்கிற அளவு. மின்சாரம்தான் இடிக்கிறது. கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட் வைத்தாலும் மூட்டைக்கு 220 யூனிட். 5 எச்.பி. மோட்டார் இரண்டு நாள் ராப்பகலாக ஓடலாம்.

பெரியவர் வாயடைத்துப் போனார்.

இந்த 50-ஐக் குறைக்கத்தான் தகடுகளில் ஆராய்ச்சி. ஒருவகைக் கலத்துக்குப் பிளாட்டினமும் இரிடியமும் வேண்டும், இரண்டும் பொன்விலை. காரக் கரைசல் கலத்துக்கு நிக்கல் போதும். நிக்கலோடு கொஞ்சம் இரும்பு சேர்த்தால் ஆக்சிஜன் சுலபமாகப் பிரிகிறது. ஹைட்ரஜன் பக்கம் நிக்கல்-மாலிப்டினம் கலவை. ஆனால் எவ்வளவு நல்ல தகடானாலும், வெளியிலிருந்து வெப்பம் தராவிட்டால் 39.4 யூனிட்டுக்குக் கீழே போக முடியாது. அது இயற்கையின் கணக்கு. வெயில் வந்தால் ஓடி, மறைந்தால் நிற்கும் சோலார் மின்சாரத்தில் தகடு அரிக்கிறது, இரும்பு கரைந்து போகிறது. பல வருஷம் தாங்கினால்தான் விலை கட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. யூரியாவுக்குக் கரியமில வாயுவும் வேண்டும். எரிவாயு ஆலையில் அது கூடவே கிடைக்கிறது, தண்ணீரில் கிடைக்காது. டி.ஏ.பி., அம்மோனியம் சல்பேட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

"உப்புத் தண்ணியில பேட்டரியை விட்டா நாமளே எடுக்கலாமில்ல?"

"வேண்டாம்பா. குளோரின் வரும், மூச்சு முட்டும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து நின்னா ஒரு பொறி போதும், வெடிச்சிடும்."

மறுநாள் காலை பெரியவர் இலை வண்ண அட்டையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். பத்து இலை வைத்துப் பார்த்ததில் எட்டு, அட்டையின் 4ஆம் நிறத்துக்குக் குறையாமல் இருந்தன. இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். அதற்குள் லாரி வந்துவிடும் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள்.