தலை இல்லாத ஸ்க்ரூ

காங்கேயம் பக்கம் நான்கு மாடு வைத்திருக்கும் அந்த விவசாயியின் தொழுவத்தில், தீவனப்புல் நறுக்கும் சாப் கட்டர் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் மோட்டார் புல்லி ஷாஃப்டில் முன்னும் பின்னும் நகர்ந்து பெல்ட் கழன்றுவிட்டது. பார்த்தால், புல்லியைப் பிடித்திருந்த கிரப் ஸ்க்ரூவைக் காணோம். ஓட்டை மட்டும் இருந்தது.

மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. தகர டப்பாவில் தேடியதில் 8 எம்.எம். போல்ட் ஒன்று கிடைத்தது. மரையும் சரியாகப் பொருந்தியது. ஸ்பேனர் போட்டு இறுக்கினார். போல்ட்டின் தலை கட்டைவிரல் போல வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பெல்ட்டை மாட்டுவதற்காகக் கழற்றிய மூடியும் சுவரோரமே சாய்ந்து கிடந்தது. வேலை நடந்தால் போதும் என்ற அவசரம், வேறென்ன!

பத்து நாள் எந்தக் குறையும் இல்லை. அதற்கப்புறம் ஒரு சாயங்காலம், சிதறிய புல்லை அள்ளக் குனிந்த மனைவியின் முந்தானை அந்தப் போல்ட் தலையில் மாட்டியது.

"ஏனுங்க, நிறுத்துங்க!"

அவர் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றிருந்தார். அதனால்தான் தோள் சிராய்ப்போடும் கிழிந்த சேலையோடும் போயிற்று. நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டார், ஒரு நொடிக்கு 24 தடவை சுற்றும். கையை இழுத்துக்கொள்ள நேரம் ஏது?

மறுநாள் போல்ட்டோடு லேத் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் அதைப் பார்த்ததுமே, "சுத்துற எடத்துல தலை வெச்ச போல்ட்டப் போடலாமுங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டு, நான்கு விதமான ஸ்க்ரூவை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாமே 8 எம்.எம்., எல்லாவற்றிலும் அறுகோணக் குழி. ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது.

உருளைத் தலை உள்ள அலன் போல்ட் பாரம் தாங்கும். தலையில் 12.9 என்று பொறித்திருந்தால் உயர்ந்த வலுவுள்ள எஃகு. இதற்கு 6 எம்.எம். கீ. குடை போல் தட்டையாக வளைந்த பட்டன் தலை, மூடித் தகடு மாதிரி லேசான வேலைக்கு. சரிவுத் தலை உள்ளது தகட்டோடு சமமாக அமரும், அதற்கேற்பச் சரிவாகக் குடைந்த ஓட்டை வேண்டும். இவை இரண்டுக்கும் 5 எம்.எம். கீ. நான்காவது கிரப் ஸ்க்ரூ, அதற்கு 4 எம்.எம். கீ. அதற்குத் தலையே கிடையாது. முழுதும் புல்லிக்குள் அமிழ்ந்து, கிண்ணம் போல் குழிந்த நுனியால் ஷாஃப்டைக் கடித்துப் பிடிக்கும்.

அலன் என்பது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து வில்லியம் ஆலன், ஸ்க்ரூவில் அறுகோணக் குழி அமைக்கும் முறைக்கு 1910-இல் காப்புரிமை பெற்றார்; அப்படி வந்ததுதான் தலையில்லாத ஸ்க்ரூ. அன்றைய ஆலைகளில் நீண்ட ஷாஃப்டுகள் ஓடும், அவற்றில் துருத்தி நின்ற ஸ்க்ரூ தலைகள் தொழிலாளர்களின் துணியைப் பிடித்து இழுக்கும். அதற்கான மருந்தாகத்தான் 'பாதுகாப்பு ஸ்க்ரூ' என்ற பெயரிலேயே அதை விற்றார்கள். தொழுவத்தில் நடந்ததும் அதே கதைதான்.

பட்டறைக்காரர் இன்னொன்றும் சொன்னார். அங்குலக் கீயை எம்.எம். குழியில் விடக்கூடாது. 3/16 அங்குலம் என்பது 4.76 எம்.எம்.தான். 5 எம்.எம். குழியில் அது உள்ளே போகும், ஆனால் அழுத்தினால் மூலைகளை வழித்துவிடும். பிறகு துளைபோட்டுத்தான் ஸ்க்ரூவை எடுக்க வேண்டும். தொழுவத்தில் குழிக்குள் சாணியும் புல்தூளும் அடைந்துகொள்ளும். ஆணியால் சுரண்டிவிட்டு, கீ அடிவரை இறங்கிய பிறகே திருக வேண்டும். வேலை முடிந்ததும் குழியில் கொஞ்சம் கிரீஸ் அடைத்தால் துரு ஏறாது.

வீட்டுக்கு வந்து மெயினை அணைத்தார். கிரப் ஸ்க்ரூவை இறுக்கி, மூடியைப் பட்டன் தலை ஸ்க்ரூக்களால் பொருத்தினார். புது ஸ்க்ரூ அமர்ந்ததும் சற்றுத் தளரும் என்று பட்டறைக்காரர் எச்சரித்திருந்தார். அதனால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, மறுபடி மெயினை அணைத்து, மூடியைக் கழற்றி, கீயைப் போட்டார். கால் சுற்று இறங்கியது.

திரும்பவும் மூடியை மாட்டி முடிக்கும் வரை, சேலைமேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மனைவி மெயின் பக்கத்திலேயே நின்றிருந்தார்.