பை காக்க ஒருத்தி

கோடை விடுமுறையில் இரண்டு குழந்தைகளை ஒரு ஃபிளாட்டுக்குள் வைத்துச் சமாளிப்பதைக் காட்டிலும் சர்க்கஸ் கம்பெனி நடத்துவது சுலபம். சர்க்கஸ் சிங்கத்துக்குக் கூண்டாவது இருந்தது. எங்கள் வீட்டுச் சிங்கம், வயது ஏழு, சோபாவின் முதுகிலிருந்து ஊஞ்சல் சங்கிலிக்குத் தாவி, அங்கிருந்து பாட்டியின் கட்டிலில் குதிக்கும் வித்தையை நாளொன்றுக்குப் பத்துக் காட்சிகள் வீதம் நடத்திக்கொண்டிருந்தது. கத்திரி வெயில் தொடங்க ஒரு வாரம் இருக்கையில், "ஒரு சனி, ஞாயிறு எங்கேயாவது அழைத்துக்கொண்டு போனால்தான் இந்த வீட்டுச் சுவர்கள் தப்பும்" என்று என் கணவர் தீர்ப்புக் கூறினார். தீர்ப்புக் கூறுவது அவர் இலாகா. அதை நிறைவேற்றுவது யாருடைய இலாகா என்று வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குடும்ப சபை கூடியது. ஊட்டி என்றார் அவர். இரண்டு நாளில் ஊட்டி என்றால் போகிற வழியையும் வருகிற வழியையும் பார்த்துவிட்டு வருவதுதான். சின்னவன் ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு என்று கத்தினான். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் வரையில் நீர்ப் பூங்கா என்ற வார்த்தை காதில் விழுந்தால் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தூங்குகிறவள். நான் அப்போது அதைக் கவனித்தேன், கேட்கவில்லை. கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும் வயது.

சென்னைக்காரர்களுக்கு இந்த மாதிரிக் கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பஞ்சமில்லை. எனக்கு நினைவு தெரிந்து முதல் அதிசயம் தாம்பரத்துக்குப் பக்கத்திலிருந்த கிஷ்கிந்தாதான். 1984-இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் அமைத்தது அது. சினிமாக்காரரின் கற்பனையல்லவா? வானரங்களின் ராஜ்யம் என்று பெயர் வைத்து எங்களையெல்லாம் உள்ளே விட்டார். பெயருக்கு நாங்கள் பங்கம் வைக்கவில்லை. இப்போதோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில, பூந்தமல்லிப் பக்கம் ஒன்று என்று இருக்க, 2025 டிசம்பரில் திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில் வொண்டர்லா வேறு திறந்தாகிவிட்டது. புதியது இருக்கப் பழையதை எந்தக் குழந்தை கேட்கும்?

திருப்போரூர் என்றதும் அதுவரை சும்மா இருந்த என் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமை கந்தசாமியைப் பாத்துட்டு வந்தா நானும் வாரேன்" என்றார். ராட்டினத்துக்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். திருப்பரங்குன்றத்தில் மண்ணிலும், திருச்செந்தூரில் கடலிலும், திருப்போரூரில் ஆகாயத்திலும் நின்று முருகன் அசுரர்களோடு போர் புரிந்தான் என்பது ஐதிகம். ஆகாயத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அலறுவதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் ஏது?

இடம் முடிவானதும் என் வேலை ஆரம்பமாயிற்று. முதலில் நாள் குறிக்க வேண்டும். வார நாட்களில் கூட்டமும் குறைவு, பல இடங்களில் கட்டணமும் குறைவு. ஆனால் அவர் ஆபீஸுக்கும் எங்கள் பத்திரிகைக்கும் அந்த நியாயம் தெரியாது. ஆகவே சனிக்கிழமை. பிறகு உயரம். இந்தப் பூங்காக்களில் பல, வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் கேட்கின்றன. சின்னவனைக் கதவு நிலையோடு நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சில் கோடு போட்டதில் 118 சென்டிமீட்டர் வந்தது. 120 இருந்தால்தான் ஏற்றுவார்கள் என்று ஒரு ராட்டினத்தைப் பற்றி யாரோ பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். உடனே குதிகாலை உயர்த்தினான். தலைமயிரை நிமிர்த்தி வாரச் சொன்னான். நான் இடம் கொடுக்கவில்லை. அந்த வரம்பு கௌரவத்துக்கு வைத்ததல்ல. மடியின் மேலும் தோளின் மேலும் வந்து அழுத்துகிற கம்பி, ஓரளவு வளர்ந்த உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. சின்ன உடம்பு அதன் அடியில் நழுவிவிடும். இரண்டு சென்டிமீட்டர்தானே என்று வாசலில் ஊழியரிடம் சண்டை பிடிக்கும் தகப்பனார்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊழியர் பக்கம்தான் நான்.

கம்பியைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் 2025 மே மாதத்துச் சமாசாரத்தை நினைவூட்டினார். கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், குழந்தைகள் உள்படப் பலர் மணிக்கணக்கில் மேலேயே மாட்டிக்கொண்டதும், தீயணைப்புப் படையினர் ஒருவர் விடாமல் பத்திரமாக இறக்கியதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அவருக்கு அன்றிலிருந்து ராட்டினம் என்றாலே வயிற்றில் புளி கரைக்கிறது. அதை வெளியில் சொல்லமாட்டார். "எனக்கு முதுகுவலி" என்பார். அவருடைய முதுகுக்காக நான் கொஞ்சம் படித்தேன். ரோலர் கோஸ்டர் வண்டி பெரும்பாலும் தானாக ஓடும் இயந்திரமே அல்ல. ஒரு சங்கிலி அதை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடுகிறது. அதற்கப்புறம் பூமி இழுக்கிற இழுப்புத்தான். அதனால்தான் அடுத்தடுத்த மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்வாகவே இருக்கும். 1884-இல் அமெரிக்காவில் கோனி தீவில் தாம்ஸன் என்பவர் ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு ஜனங்களை இப்படித்தான் உருட்டிவிட்டார். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் இழுப்பை நிறுத்த யாராலும் முடியாது என்கிறாய்?" என்றார். அறிவு எப்போதும் தைரியம் தருவதில்லை.

அடுத்தது உடுப்பு. தண்ணீர்ப் பகுதிக்கு நைலான் அல்லது லைக்ரா உடைதான். பருத்தி கூடாது என்பது பெரும்பாலான இடங்களில் சட்டம். "துணி விற்கிற தந்திரம்" என்று பலர் முணுமுணுக்கிறார்கள். வாசலில் விற்கிற விலையைப் பார்த்தால் சந்தேகம் வருவது நியாயமே. ஆனால் வாஷிங் மிஷின் வடிகட்டியைச் சுத்தம் செய்கிற எந்தப் பெண்ணுக்கும் காரணம் புரியும். ஒரு வீட்டுத் துணியே அத்தனை பஞ்சு விடும்போது ஆயிரம் பேரின் வேட்டியும் சுடிதாரும் அந்தக் குளத்து வடிகட்டியை என்ன பாடு படுத்தும்? தவிர, நனைந்த பருத்தி கல்லாய்க் கனக்கும். இறங்குவதற்கு முன் ஒருமுறை குளித்துவிட்டு வரச் சொல்வதும் அப்படியே. குளத்தில் மூக்கைத் துளைக்கிற அந்த நெடியைச் சுத்தத்தின் வாசனை என்று நினைக்கிறோம். குளோரின், வியர்வையோடும் மற்றதோடும் சேர்ந்தால்தான் அந்த நெடி. 'மற்றது' என்ன என்று விளக்கி உங்கள் உற்சாகத்தைக் கெடுக்கப் போவதில்லை.

இந்தப் பட்டியலோடு கடைக்குக் கிளம்பியபோதுதான் பெரியவள் வாயைத் திறந்தாள்.

"எனக்கு வாங்க வேண்டாம்மா. நான் தண்ணியில இறங்கல."

"ஏன்?"

"பெஞ்சில உட்கார்ந்து பையைப் பார்த்துக்கறேன். யாராவது பார்த்துக்கணுமே?"

பெரியவளாகி ஆறு மாதம்தான் ஆகிறது. விஷயம் எனக்குப் புரியாமலில்லை. முதல் ஓரிரு வருஷம் அந்தக் கணக்குத் தேதி தவறித் தவறித்தான் வரும். பூங்காவுக்குப் போகிற அன்று வந்துவிட்டால் என்ற பயம் ஒன்று. ஈர உடையில் எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம் இன்னொன்று. அதற்கு மேல் என் நாத்தனார் போனில், "இனிமே அவளை அப்படியெல்லாம் குதிக்க விடாதே" என்று சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். ஆனால் என்னைச் சுட்டது அந்தப் 'பை' என்ற வார்த்தை.

எந்தக் கடற்கரைக்கு, எந்த அருவிக்கு, எந்தப் பொருட்காட்சிக்குப் போனாலும் பாருங்கள்: ஒரு பெஞ்சில் நாலு பை, எட்டுச் செருப்பு, மூன்று கைப்பேசி, ஒரு தண்ணீர்க் கூஜா இவற்றின் நடுவே ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் கையசைத்தால் அவளும் அசைப்பாள். எங்கள் குடும்பத்தில் பத்து வருஷமாக அந்தப் பதவி என்னுடையது. நான் ராஜினாமா செய்யாமலே ஒரு வாரிசு தயாராகி நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

பெஞ்சு என்றதும் வால்ட் டிஸ்னி ஞாபகம் வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பூங்கா என்று ஒன்று உண்டு. தம் பெண்கள் அங்கே குதிரை ராட்டினத்தில் சுற்றுகையில் தாம் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்ததாகவும், பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும்படி ஒரு இடம் இருக்கக் கூடாதா என்று அப்போது யோசித்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். டிஸ்னிலாந்து அப்படிப் பிறந்தது. 1955 ஜூலை 17-ஆம் தேதி அதைத் திறந்த தினத்தில் நல்ல வெயில். புதிதாய்ப் போட்ட தார் இளகிச் சீமாட்டிகளின் குதிகால் செருப்புகள் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் கழிவறையா, குடிநீர்க் குழாயா, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்ற நிலை. டிஸ்னி கழிவறையைத் தேர்ந்தெடுத்தார். குடும்பத்தோடு வெளியே போய்ப் பழகிய மனிதர் என்று அதிலிருந்தே தெரிகிறது. ஆனால் பாருங்கள், பெஞ்சில் உட்கார்ந்தவர் ஆண்பிள்ளையாக இருந்ததால் ஓர் உலகப் புகழ்பெற்ற பூங்கா எழுந்தது. நம் வீட்டுப் பெண்கள் எத்தனை தலைமுறையாய் உட்கார்ந்திருக்கிறார்கள்!

நான் மகளிடம் வாதாடவில்லை. நாள்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம். மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை உசிதம் என்று தோன்றியது. தேதி தவறினாலும் டாக்டர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்வதில்லை; மனசில்லாவிட்டால் உலர்ந்த ராட்டினங்களில் ஏறலாம், அன்றைக்கு நானும் அவளோடு தண்ணீரை விட்டுவிடுகிறேன் என்றேன். கணுக்கால் வரை, மணிக்கட்டு வரை மூடிய நைலான் உடுப்புகள் கிடைக்கின்றன என்றும் காட்டினேன். எல்லாவற்றுக்கும், "பார்க்கலாம்" என்றாள். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குத் தெரியும். அதற்கு 'மாட்டேன்' என்று அர்த்தம்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை தட்டைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, இங்க வா. அம்பாசமுத்திரத்துப் படித்துறையில குதிச்சேன்னா கல்லிடைக்குறிச்சிக் கரையில போய்த்தான் ஏறுவேன். ஆத்துல தண்ணி பெருகி ஓடும்போதும் நீஞ்சியிருக்கேன். உன் வயசு வந்தது. எங்க ஆச்சி, 'போதும்'னுட்டா. அதுக்கப்புறம் ஆறு வருசம் அதே படித்துறையில உக்காந்து தம்பிமாரு வேட்டி, துண்டைக் காத்துக்கிட்டுக் கெடந்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தாச்சு. அம்புட்டுத்தான்."

பதினைந்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். என் மாமியாருக்கு நீந்தத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அவர் பெற்ற பிள்ளைக்கே தெரியாது. கையிலிருந்த செய்தித்தாளை இறக்கிவிட்டு அம்மாவை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார் அவர்.

"நெசமாவா ஆச்சி? ஆத்தை முழுசா தாண்டிடுவியா?" என்றாள் பெரியவள்.

"பின்னே? உங்க தாத்தாவுக்கே தெரியாது. கேட்டாத்தானே சொல்லதுக்கு."

நாத்தனாருக்கு அன்று சாயங்காலம் அத்தையே போன் செய்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசியதால் விவரம் தெரியாது. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஆலோசனை வரவில்லை.

மிச்சம் சில்லறை வேலைகள்தான். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் புளியோதரையை வாசலுக்கு முன்பே, வண்டிக்குள் முடித்துவிடுவது. போகும்போதே ஆளுக்கு ஒரு தம்ளர் உப்புப் போட்ட நீர்மோர்; தண்ணீரில் நின்றாலும் உடம்பு வியர்க்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. நடுப்பகலில் சிமெண்டுத் தரை அப்பளம் பொரிக்கும் என்பதால் வெயில் ஏறுமுன் தண்ணீர் விளையாட்டு, உச்சிவேளையில் நிழல். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை. கூடவே, பெரிய ராட்டினங்கள் அவருக்கு ஆகாது என்ற நற்செய்தி. முகம் எவ்வளவு மலர்ந்தது தெரியுமா! முக்கியமாக, லாக்கர் ஒன்று வாடகைக்கு எடுப்பது என்று பட்டியலில் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டேன். பைகள் பூட்டுக்குள் இருக்கட்டும்.

நேற்றுக் கடைக்குப் போய் உடுப்புகள் வாங்கி வந்தோம். பெரியவள் கரும்பச்சையில் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். பில் போடுகிற நேரத்தில் என் காதருகே வந்து, "ஆச்சி அளவுக்கு இருக்கான்னு கேளும்மா" என்றாள். இருந்தது. வீட்டில் கொண்டுவந்து கொடுத்ததும் அத்தை அதைப் பிரித்து, இழுத்துப் பார்த்து, கறுப்பு நிறம் பரவாயில்லை என்று மடித்துப் பீரோவில் வைத்தார். ராத்திரி சமையலறையில் விளக்கை அணைக்கப் போனவளை நிறுத்தினார்.

"அங்க தண்ணி எம்புட்டு ஆழம் இருக்கும்?"

"பயப்படாதீங்க அத்தை. அலை அடிக்கிற குளம் கடற்கரை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும். மீறிப் போனால் மார்பளவு."

"மார்பளவா?" அவர் முகம் விழுந்துவிட்டது. "அதுல என்னத்தை நீஞ்சறது?"