அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்



நமது ஆலய மண்டபத்து அறிவிப்புப் பலகையில், ஆராதனை நேரங்களுக்கும் பிறந்தநாள் பட்டியலுக்கும் நடுவே, கட்டம் போட்ட சிறிய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் திகதிகளும் எண்களும் கையெழுத்துகளும் மட்டுமே உள்ளன. 7, 7, 6, 6 என்று ஒரு வரி. அதன் கீழே 7, 6, 6, 6 என்று இன்னொரு வரி. சென்ற ஞாயிறு ஒரு சிறுமி அதைச் சுட்டிக்காட்டி, "இது எந்தப் பாட்டின் நம்பர், ஐயா?" என்று கேட்டாள். சபையின் வான் வண்டியிலுள்ள நான்கு டயர்களின் வரிப்பள்ளங்களும் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இருக்கின்றன என்பதுதான் அந்தக் கணக்கு என்றேன். "அதை ஏன் இங்கே ஒட்டியிருக்கிறீங்கள்?" என்ற அடுத்த கேள்விக்கு மட்டும், பிறகு சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். அந்தப் பதிலை அவளுக்கு மாத்திரமல்ல, உங்கள் எல்லோருக்கும் சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன். மிகவும் தாமதித்துவிட்டேன் என்பதையும் அறிவேன்.

2022ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், வானுக்குப் பனிக்காலத்து டயர்கள் வாங்குவதற்கென்று சபைக் குழு 800 டொலர் ஒதுக்கியது. வாகனம் திருத்தும் தொழில் செய்யும் நமது சகோதரர் ஒருவர் அதற்கு முன்பே என்னிடம் வந்து, "ஐயா, உந்த டயர் இந்த முறை பனிக்குக் காணாது" என்று எச்சரித்திருந்தார். நான் என்ன செய்தேன்? அது 'எல்லாப் பருவத்துக்கும்' என்று பெயரிட்டு விற்கப்பட்ட டயர்தானே, பனிக்காலமும் ஒரு பருவம்தானே என்று சிரித்துக்கொண்டே வாதிட்டேன். நத்தார் ஆராதனைக்குப் புதிய ஒலிபெருக்கி தேவையாயிருந்தது. பணத்தை அதற்கு மாற்றும்படி குழுவை இணங்கவைத்தவன் நானே. (அந்த ஒலிபெருக்கி இன்றும் சுருதி விலகி இரைவதை நீங்கள் ஒவ்வொரு வாரமும் சகித்துக்கொள்கிறீர்கள்.)

2023 ஜனவரியில் ஒரு வியாழன் இரவு, துக்க வீடொன்றில் ஜெபக்கூட்டத்தை முடித்துவிட்டு, நான்கு முதியவர்களை வீடுகளுக்குத் திருப்பி அழைத்துச் சென்றேன். நால்வரும் எழுபது வயதைக் கடந்தவர்கள். புறப்படும்போது வழக்கம்போல் பிரயாணத்துக்காக ஜெபித்தோம். பகலில் உருகிய பனி, இரவில் மீண்டும் உறைந்திருந்தது. சிறிய பாலமொன்றைக் கடந்து சரிவில் இறங்கும் அந்தத் தெருவில், தார் ஈரமாக மின்னுவதாகவே எனக்குத் தோன்றியது. அது ஈரமன்று, கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம். பாலத்தின் அடியிலும் குளிர்காற்று புகுவதால், மண்மேல் கிடக்கும் தெருவுக்கு முன்பாகவே பாலம் உறைந்துவிடுகிறது. இதை நான் அறியாதவனல்லன். சாரதிப் பரீட்சைக்குப் படித்த பாடம்தான்.

சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்தேன். பாதத்தின் கீழ் அது படபடவென்று துடித்தது. சில்லுகள் இறுகிப்போகாதபடி ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆனால் பற்றிக்கொள்ள எதுவுமில்லாத தரையில் அந்தப் பொறியினால் வண்டியை நிறுத்த இயலாது, திசைமாற்றும் வாய்ப்பை மட்டுமே விட்டுவைக்கும். நிறுத்தக்கோட்டைத் தாண்டினோம். பின்னாலிருந்த அம்மா ஒருவர் "ஆண்டவரே" என்று ஒரே ஒருமுறை சொன்னது கேட்டது. வலப்புறம் குவிந்து கிடந்த பனிமேட்டை நோக்கி வண்டியைத் திருப்பினேன். சந்தியின் பாதிவரை போய், மேட்டில் முட்டி நின்றோம். குறுக்குத் தெருவில் வந்த பனி அள்ளும் பாரவண்டி, ஒலியெழுப்பிக்கொண்டே எங்கள் முன்னால் கடந்து சென்றது. யாருக்கும் காயமில்லை. என் கைகள் மட்டும் நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு இதைச் சாட்சியாகச் சொன்னேன். பாரவண்டியின் வெளிச்சம் எவ்வளவு அருகில் வந்தது என்பதை விவரித்தேன். சபையார் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னார்கள். டயரைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தச் சகோதரர் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அவர் அறிவார், அவர் அறிவார் என்பதை நானும் அறிவேன். கர்த்தர் எங்களைக் காத்தார் என்பதை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் எதிலிருந்து காத்தார் என்ற கேள்விக்குப் பனி என்று பதிலளித்துவிட்டு, என் அலட்சியத்தை மறைத்துக்கொண்டேன். பாதி உண்மையைச் சாட்சியென்று பிரசங்க பீடத்தில் நின்று விற்றேன். ஏறத்தாழ மூன்று வருடமாக என்னை உறுத்துவது அந்தச் சறுக்கலைக்காட்டிலும் இதுவே.

ஆராதனை முடிந்ததும் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, டயரை ஒருக்காப் பார்ப்பமோ?" என்று மாத்திரம் கேட்டார். வாகனத் தரிப்பிடத்தின் குளிரில் நாங்கள் இருவரும் குனிந்தோம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த குறியின் கடைசி நான்கு எண்களைக் கைவிளக்கொளியில் காட்டினார்: 1814. அதாவது 2014ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. எட்டரை வயது. ரப்பரில் மயிரிழைபோல் வெடிப்புகள் ஓடியிருந்தன. பிறகு சட்டைப்பையிலிருந்து இரண்டு டொலர் நாணயம் ஒன்றை எடுத்து வரிப்பள்ளத்தில் செருகினார். புதிய டயரானால் நாணயத்தின் நடுவிலுள்ள கரடியின் பாதம் வரை மறையும். வெளிவளையமாகிய வெள்ளிப் பகுதியிலுள்ள எழுத்துகளின் பாதி உயரம் மட்டும் மறைந்தால் டயர் தேய்ந்துவிட்டது என்று பொருள். எங்கள் நாணயத்தில் அந்த எழுத்துகளின் பாதிக்கு அப்பால் எதுவும் மறையவில்லை. பனிக்காலத்தில் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தை நம்பக்கூடாது என்றார்.

அன்று அவர் சொன்ன வேறு சிலவற்றையும் எழுதிவிடுகிறேன். உங்களில் பலர் இரவு வேலைக்குப் போகிறவர்கள். சிலருக்கு இதுவே இந்நாட்டில் முதற் பனிக்காலம். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கையளவுதான். நமது குடும்பம் முழுவதும் நான்கு உள்ளங்கைகளின்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. ஆகவே பனி விழும்வரை காத்திருப்பது பிழை. பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மை குன்றாதது. அதன் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இவ்வகை டயர் சட்டப்படி கட்டாயம். நமது ஒன்ராறியோவில் அப்படியில்லை என்றாலும், 2016 முதல் இங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் இதற்குக் கட்டணக் கழிவு தரவேண்டும்; கேட்டுப் பெறுங்கள். நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் அதையே நம்பிவிட வேண்டாம். அது புறப்படுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது.

காற்றழுத்தமும் அப்படியே. வெப்பநிலை ஐந்தாறு பாகை குறையுந்தோறும் அழுத்தம் ஏறக்குறைய ஓர் இறாத்தல் குறைகிறது. செப்டெம்பரில் நிரப்பிய காற்று ஜனவரிக்குப் போதாது. சாரதியின் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவைப் பாருங்கள். டயரின்மேல் எழுதியிருப்பது அதன் உச்ச வரம்பு.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்றொரு கட்டளை உண்டு. யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பதே காரணம். பல வருடம் அதை வாசித்தும், இஸ்ரவேலின் கட்டடச் சட்டம் என்றே கடந்து சென்றேன். மாடியில் நடமாடப் போகிறவர்கள் யாரென்று கட்டுகிறவனுக்குத் தெரியாது. எனக்கோ என் வண்டியில் ஏறியவர்களின் பெயரும், அவர்கள் மருந்து குடிக்கும் நேரமும், பேரப்பிள்ளைகளின் வகுப்பும் தெரியும். தெரிந்திருந்தும் சுவர் கட்டாமல், சுவருக்கு வைத்திருந்த பணத்தை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டேன்.

அந்த நால்வரில் ஒருவர் இப்பொழுது நம்மோடு இல்லை. முதுமையினால் சென்ற வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மற்ற மூவரையும் இந்த வாரம் வீடுகளில் சந்தித்து, ஒலிபெருக்கியின் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அண்டைக்கே சொல்லியிருக்கலாம், ஐயா" என்றார். ஆம், சொல்லியிருக்கலாம்.

வரும் சனிக்கிழமை காலை 9 மணி முதல் அந்தச் சகோதரர் ஆலயத் தரிப்பிடத்தில் இருப்பார். கட்டணமில்லை. வண்டிகளைக் கொண்டுவாருங்கள். டயரோடு பற்றரியையும், கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 பாகைக்கு உரியதுதானா என்பதையும் பார்த்துத் தருவார். சில்லு மாற்றியவர்கள் 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் அதன் நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும், அதற்கும் வரலாம். ஆளுக்கொரு இரண்டு டொலர் நாணயம் கொண்டுவாருங்கள், காணிக்கைத் தட்டிலிருந்து எடுக்கவேண்டாம். இம்மாதம் தாளில் கையெழுத்திடும் முறை என்னுடையது. முழங்காலுக்குப் போட ஒரு பழைய சாக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.