ஔஷதகிரியின் படிகளில் (பயணத் தொடர் - 3)

சென்ற இதழில் நெய்வேலியின் முதல் சுரங்கத்தைக் கரையில் நின்று கண்ட விதத்தை எழுதியிருந்தேன். 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் பண்டித நேரு தொடங்கிவைத்த அந்தப் பெரும் பள்ளத்தில், பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்கு முன்னால், சக்கர வாளிகள் பூண்ட ராட்சச யந்திரங்கள் இராப்பகலாக வெட்டி அப்புறப்படுத்துகிற ‘ஓவர்பர்டன்’ எனும் மேல்மண்ணில் பெரும்பகுதிக்குப் பூகர்ப்ப சாஸ்திரிகள் ‘கடலூர் மணற்கல்’ என்றே நாமகரணம் செய்திருக்கிறார்கள். எங்கள் நகரியத்தில் மலை என்று சொல்லத்தக்கவை அம்மண்ணைக் கொட்டிக் குவித்த மேடுகளே. ஆதலின், அதே கல் தானாகவே நிமிர்ந்து நிற்க, அதன் உச்சியில் ஹயக்ரீவர் எழுந்தருளியிருக்கும் திருவந்திபுரத்துக்குச் செல்ல நெடுநாளாகவே எனக்கு ஆவல்.

பண்ணுருட்டி வழியாகப் போனோம். முந்திரித் தோப்பும் பலாவுமாக அந்தச் செம்மண் வழித்துணையாகவே வந்தது. கெடில நதி திருவந்திபுரத்தில் வடக்கு நோக்கித் திரும்புவதால் அதற்கு விசேஷ மகிமை. நாங்கள் கண்ட அன்று நீரைக்காட்டிலும் மணலே மிகுதி. முகூர்த்த நாளாகையால் தெய்வநாயகப் பெருமாள் சந்நிதியில் மணமக்களின் நெரிசலில் நீந்திச் சேவித்துவிட்டு, எதிரே உள்ள ஔஷதகிரிக் குன்றில் ஏறினோம்.

அநுமன் சுமந்து சென்ற மலையிலிருந்து விழுந்த துணுக்கு என்பது ஸ்தல ஐதிகம். காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், இங்கே ஓர் அரசமரத்தடியில் கருட மந்திரத்தை ஜபித்துக் கருடனையும், பின்னர் ஹயக்ரீவரையும் பிரத்தியட்சமாகக் கண்டார் என்பர். அவர் காலத்து ஒற்றையடித்தடம் எப்படி இருந்ததோ! இன்று மூச்சு வாங்குவதற்குள் உச்சியை எட்டிவிடக்கூடிய படிக்கட்டு. படியோரத்தில் மண் அரித்த இடமொன்றில், துருப்பிடித்த இரும்பின் நிறத்துக் கல்லினூடே வெண்மையான கூழாங்கற்கள் பதிந்திருந்தன. நகத்தால் கீறினால் சிவந்த தூள் உதிர்ந்தது. சுரங்கத்தில் பணிபுரியும் என் நண்பர் அதை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, “நம்ம ஓவர்பர்டன்தான் சார்!” என்றார், சொந்தக்காரரைக் கண்ட குதூகலத்துடன்.

மேலே, பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் பேனாவையும் நோட்டையும் பெருமாளின் திருவடியில் வைத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் இதைப் பரிகசிப்பதுண்டு. வித்தைக்கு அதிபதியிடம் வேறெதைக் கேட்பதாம்?

இறங்கியபின், தேசிகர் தம் கையாலேயே கட்டியதாகச் சொல்லப்படும் கிணற்றைப் பார்க்கச் சென்றோம். நிலக்கரிக்கு அடியிலிருந்து பீறிடும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தால்தான் நெய்வேலியில் சுரங்கம் நடக்கும். அந்தப் பம்புகளோடு காலம் கழிக்கும் நண்பர், கட்டுமானத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன், தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்றுதான் எட்டிப் பார்த்தார். அந்தக் கிணற்றின் கதை அடுத்த இதழில்.